என் தம்பியை இரண்டு நாள் சென்னைக்கு அனுப்பக் கோரி

அனுப்புநர்
ச. கோதண்டராமன், எம்.எஸ்சி., எம்.ஃபில்., பி.எட்.,
முதுகலை ஆசிரியர், வேதியியல் (மருத்துவ விடுப்பில்),
எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு,
போளூர் சாலை, திருவண்ணாமலை.

பெறுநர்
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: கீழ்பென்னாத்தூர் வட்டம், நெல்லேரிப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் திரு. ச. அர்ஜுனன் (பணியிடை நீக்கத்தில் உள்ளவர்) 15.10.2025, 16.10.2025 ஆகிய இரு நாட்கள் தலைமையிடத்தை விட்டுச் சென்னை செல்ல அனுமதி வழங்குதல் – 16.10.2025 அன்றைய விசாரணையை வேறு நாளுக்கு மாற்றுதல் – அவர் மீது நான் அளித்த மனுக்களில் ஒன்றைத் திரும்பப் பெறுதல், மற்றொன்றில் நான் மறைத்ததைச் சேர்த்தல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது புகார் மனு, நாள் 26.05.2025.
2. திரு. அர்ஜுனனின் பணியிடை நீக்க ஆணை, நாள் 07.07.2025.
3. எனது கூடுதல் மனு, நாள் 11.08.2025.
4. திரு. அர்ஜுனனின் அனுமதி விண்ணப்பம், நாள் 06.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி அர்ஜுனன் என் உடன்பிறந்த தம்பி. அவர் மீது புகார் செய்தவன் நான். அவர் கொடுத்த ரத்த அணுக்களால் இன்று உயிரோடு இருப்பவனும் நான்தான். இந்த மூன்றையும் ஒரே கோப்பில் காண நேர்ந்த தங்கள் அலுவலகத்தாருக்கு ஏற்பட்ட குழப்பம் நியாயமானது. அதைத் தீர்க்கவே இம்மனு. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சென்னையில் இருந்தாக வேண்டும். எனவே சுருக்கமாக எழுத முயல்கிறேன். ஆனால் சுருக்கமாக எழுதி முன்பு நான் செய்த தவறுதான் என்னை இன்று இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதால், சில இடங்களில் நீளும். பொறுத்தருள வேண்டும்.

1. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சென்ற ஆண்டு செப்டம்பரில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஈறுகளில் ரத்தம் கசியத் தொடங்கியது. அன்று முழுவதும் நிற்கவில்லை. அக்யூட் மைலாய்டு லுகேமியா எனப்படும் கடுமையான ரத்தப் புற்றுநோய் என்று சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கண்டறிந்தார்கள். மருந்துகளால் நோயை அடக்கிய பின், அது திரும்பாமல் இருக்க வேறொருவரின் ஸ்டெம் செல்களை எனக்குள் செலுத்த வேண்டும் என்றார்கள். ரத்தம் உற்பத்தியாவதற்கு மூலமான அணுக்கள் அவை. எனக்கு உடன்பிறந்தவர் ஒருவரே. உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் என்று மருத்துவர் கூறியிருந்தார். பொருந்தியது. எங்கள் இருவருக்கும் இத்தனை ஆண்டுகளில் பொருந்திய விஷயம் வேறொன்று இருப்பதாக எனக்கு நினைவில்லை.

2. கட்டில் காலியாகப் பிப்ரவரி நடுப்பகுதி ஆகும் என்று மருத்துவமனையில் கூறியிருந்தார்கள். ஜனவரி 23 அன்று மாலை திடீரென்று தொலைபேசியில் அழைத்து, மறுநாளே கொடையாளரோடு வந்து சேர வேண்டும், தவறினால் அந்தக் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். அது சம்பா அறுவடை நேரம். நெல்லேரிப்பட்டு விவசாயிகள் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட அடங்கல் சான்று வேண்டும். சான்று இல்லாவிட்டால் மூட்டைகள் பனியில் கிடக்கும். விடுப்பு கேட்டு, பொறுப்பு ஒப்படைத்துப் புறப்பட அவருக்கு நேரமில்லை. அன்று இரவுக்குள் நாற்பது வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டு, முத்திரையிட்டு, கிராம உதவியாளர் காசியிடம் கொடுத்து, யார் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று தனித் தாளில் எழுதிவைத்துவிட்டுப் புறப்பட்டார். காசி அவற்றை நாள்தோறும் பூர்த்தி செய்து தேதியிட்டுக் கொடுத்தார். ஒரு விவசாயியும் திரும்பிப் போகவில்லை. ஒரு சான்றிலும் பரப்பளவு தவறாக இல்லை. இதை நான் பின்னர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறேன். தவறு கிடைக்கும் என்று எதிர்பார்த்தே சரிபார்த்தேன்.

3. ஜனவரி 24 முதல் 30 வரை அவர் அந்த மருத்துவமனையில் இருந்தார். நான்கு நாட்கள் அவருக்கு ஊசி போட்டார்கள். எலும்புக்குள்ளிருந்து அணுக்களை ரத்தத்திற்கு இழுத்துவரும் ஊசி அது. முதுகெலும்பும் இடுப்பும் உடைவது போல் வலிக்குமாம். படுக்க முடியாமல் நடையில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததாக என் மனைவி எழிலரசி சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்த நான் அவரைப் பார்க்கவில்லை. 29 அன்று மாலை நாலே முக்காலுக்கு, நீர்த்த தக்காளி ரசம் போன்ற நிறத்தில் ஒரு பையைக் கொண்டுவந்து எனக்கு மேலே மாட்டினார்கள். அதைத்தான் பார்த்தேன். குடியரசு தினத்தன்று நடந்த கிராம சபைக் கூட்டத்திற்கும் அவர் வரவில்லை என்பதை ஊரே அறியும். யாரும் கேட்கவில்லை. யாரும் புகார் எழுதவில்லை.

4. நான் எழுதினேன். பார்வை 1-இல் கண்ட எனது மனுவில், மேற்படி அலுவலர் ஜனவரி 24 முதல் 30 வரை அனுமதியின்றித் தலைமையிடத்தில் இல்லை என்றும், அதே தேதிகளிட்ட அடங்கல் சான்றுகளில் அவருடைய கையெழுத்து இருக்கிறது என்றும் தெரிவித்தேன். அவர் அந்நாட்களில் 'தனிப்பட்ட காரணங்களுக்காகச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தார்' என்று எழுதினேன். ஐயா, அந்தத் தனிப்பட்ட காரணம் நான். ஆதாரமாக அம்மனுவுடன் இணைத்தது மருத்துவமனை அவருக்கு அளித்த கொடையாளர் சான்று. அதன் கடைசி வரியில், யாருக்காகக் கொடுத்தார் என்ற இடத்தில், நோயாளி பெயர் ச. கோதண்டராமன், உறவு அண்ணன் என்று இருக்கிறது. அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நகல் எடுத்தேன். கடைக்காரர் நகல் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எதையும் மறைக்காத முழு நகலை இம்மனுவுடன் இப்போது இணைத்துள்ளேன்.

5. ஏன் அவ்வாறு செய்தேன் என்று தாங்கள் கேட்கக்கூடும். இதை நியாயமாகக் கூறவில்லை, நடந்ததாக மட்டும் கூறுகிறேன். மே 18 அன்று அடி அண்ணாமலையில் எங்கள் சிற்றப்பா மகன் வீட்டில் காதணி விழா. முகக்கவசத்துடன், கூட்டத்திலிருந்து விலகி, மின்விசிறிக்குக் கீழே தனி நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் சிற்றப்பா மகன் வேணு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆளு பெரியவரு, உள்ள ஓடற ரத்தம் சின்னவருது. இனிமே பத்திரிகைல யாரு பேர முன்னாடி போடறதுன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. என் தம்பியும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார். தம்பி மனைவி வினோதினி என் அருகில் வந்து, "மாமா, அந்த ஊறுகாய்லாம் தொடாதீங்க. இந்த ஒடம்பு இப்போ உங்களுது மட்டும் இல்ல" என்றார். அன்போடுதான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்று வீட்டுக்கு வந்து பையிலிருந்த மருத்துவ அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஓ பாசிடிவாக இருந்த என் ரத்தம், அதில் பி பாசிடிவ் என்று திருத்தப்பட்டிருந்தது. அது அவருடைய பிரிவு. எட்டாம் நாள் தங்கள் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன்.

6. இதற்கு முன்பே எனக்கு அவர் மீது மனக்குறைகள் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்கு அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏழு மாதம், பள்ளி ஆய்வகத்து மேசையில், மாலை நாலரை முதல் ஏழு வரை. பணி ஆணை வந்த அன்று அவர் இனிப்பு கொடுத்த வீடுகளில் என் வீடு கடைசி. 2016-இல் எங்கள் குடும்ப நிலத்தை உட்பிரிவு செய்தபோது கிணற்றுக்குச் செல்லும் வழி அவர் பக்கம் போனது. அது குறித்து எனக்கு இன்றும் சமாதானமில்லை. அதற்குத் தனியாக மனு அளிக்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. உயிரோடு இருந்தால் அளிப்பேன்.

7. எனது புகாரின் பேரில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை அவ்வாணையில் வழக்கப்படி உள்ளது. இதில் தங்கள் அலுவலகத்தின் நடவடிக்கையில் குறை ஏதுமில்லை. எதிரே இருந்த தாள்களைக் கொண்டு யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் அளித்த விளக்கத்தில் 'குடும்பத்தில் ஒருவரின் மருத்துவத் தேவை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். என் பெயரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால் அன்றே எல்லாம் வெளிவந்திருக்கும். அவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்பது சென்ற வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பின்னால் கூறுகிறேன்.

8. இனி நான் கூறப்போவது என் மனைவிக்கும் தெரியாது. ஆகஸ்ட் 11 அன்று பதிவுத் தபாலில் ஒரு கூடுதல் மனு அனுப்பினேன். பார்வை 3-இல் உள்ளது அதுவே. அதன் இரண்டாம் பத்தியை அப்படியே தருகிறேன்: 'விசாரணை முடியும் வரை மேற்படி நபருக்கு எக்காரணத்தை முன்னிட்டும், குறிப்பாக மருத்துவக் காரணம் கூறினாலும், தலைமையிடத்தை விட்டு வெளியேற அனுமதி அளிக்கக் கூடாது. அவ்வாறு அளித்தால் சாட்சிகளைக் கலைக்க வாய்ப்புள்ளது. உயர் அலுவலர்களிடமும் நீதிமன்றத்திலும் முறையிட நேரிடும்.' இதை எழுதியபோது என் உடல்நிலை நன்றாக இருந்தது. மறு மாதமே பள்ளியில் சேர்ந்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். மருத்துவக் காரணம் என்ற சொல்லைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு பகல் முழுவதும் யோசித்துச் சேர்த்தேன்.

9. எட்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 19 அன்று, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வந்தது. என் ரத்தத்தில் தொண்ணூற்றொன்பது சதவீதமாக இருந்த தம்பியின் அணுக்கள் எண்பத்தொன்றாகக் குறைந்திருந்தன. குறைந்த இடத்தில் என் பழைய அணுக்கள் தலைகாட்டின. அவற்றுடன் நோயும் சிறு அளவில் திரும்பியிருந்தது. இரண்டு சுற்று ஊசி மருந்து கொடுத்து இப்போது அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள், போகவில்லை. இதை எழுதும்போது என் இடது முன்கையில் ஒரு நீலத் தடம் இருக்கிறது. நேற்று இல்லை. மேசையில் இடித்துக்கொண்டேனா என்று எழிலரசியிடம் கேட்டேன். "நீங்க மேசப் பக்கமே போவலயே" என்றார். பின்னர், ஏன் சொன்னோம் என்பது போல் உள்ளே போய்விட்டார். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் காய்ச்சல் பார்க்கிறோம். தெர்மாமீட்டரை நான் பார்ப்பதற்கு முன் அவர் வாங்கிப் பார்த்துவிடுகிறார்.

10. மருத்துவர்கள் கூறும் அடுத்த வழி இதுதான். என் தம்பியின் ரத்தத்திலிருந்து லிம்போசைட் எனும் வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுத்து எனக்குச் செலுத்துவது. நோயணுக்களைத் தேடிப் பிடித்து அழிக்கும் வேலை அவற்றினுடையது. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், வேண்டியது பிரிந்து, மீதி மறு கை வழியாக அவருக்கே திரும்பிவிடும். மூன்று நான்கு மணி நேரம். இம்முறை எலும்பு வலிக்கும் ஊசி கிடையாது. அன்று மாலையே ஊர் திரும்பலாம். எடுப்பதில் முதல் தவணையை உடனே எனக்குச் செலுத்திவிட்டு, மீதியைப் பல தவணைகளுக்காக உறைய வைப்பார்கள். ஒரே தடவையில் நிறையக் கொடுத்தால் அந்த அணுக்கள் நோயோடு சேர்த்து என் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும் என்பதால் சிறிது சிறிதாக. வேறு யாராவது கொடுக்க முடியாதா என்று கேட்டேன். ஜனவரியில் எடுத்ததில் மீதம் இல்லையா என்றும் கேட்டேன். எனக்கு மருத்துவம் செய்யும் அம்மையார் பொறுமையாக, "அன்னிக்கு எடுத்தது எல்லாமே உங்களுக்குள்ள போயிடுச்சி சார். யாரோட செல் உள்ள இருக்கோ அவரோடதுதான் வேணும். வேற ஆளுது வேலைக்கு ஆவாது" என்றார். பிறகு, "நோய் இப்போ கம்மியா இருக்கு. கம்மியா இருக்கிற வரைக்கும்தான் இது கேக்கும். ஜாஸ்தியாயிட்டா நான் உங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். வேதியியல் படித்தவன் என்பதால் எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

11. இயந்திரத்தில் எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் நாள் அக்டோபர் 16, வியாழக்கிழமை. அதற்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்குத் தம்பி அங்கே சென்று தொற்று ஏதுமில்லை என்பதற்கான பரிசோதனைகளுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். 16-ஐ விட்டால் தீபாவளி விடுமுறை கழிந்து அடுத்த இடம் 30-ஆம் தேதிதான். பதினான்கு நாட்கள். பதினான்கு நாட்களில் நோய் இரட்டிப்பாகுமா, நான்கு மடங்காகுமா, அப்படியே நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார்கள். அதே 16-ஆம் தேதி முற்பகல் பதினொரு மணிக்குத் தம்பி மீதான விசாரணை வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்க இருக்கிறது. நான் கேட்டுக் கேட்டு விரைவுபடுத்திய விசாரணை.

12. தம்பி அக்டோபர் 6 அன்று முறையாக அனுமதி விண்ணப்பம் அளித்து, மருத்துவமனைக் கடிதத்தையும் இணைத்திருக்கிறார். அக்கடிதத்தில் நோயாளி என்று என் பெயர் உள்ளது. எழிலரசி வெள்ளிக்கிழமை தங்கள் அலுவலகத்தில் விசாரித்தபோது, பிரிவில் இருந்தவர் கோப்பைத் திறந்து காட்டி, "அம்மா, புகார் குடுத்தவரும் அவருதான். பர்மிஷன் கேக்கறதும் அவருக்காகத்தான். மெடிக்கல்னு சொன்னாலும் விடக்கூடாதுன்னு அவரே எழுதிக் குடுத்த லெட்டரும் இதுல இருக்கு. விட்டா கோர்ட்டுக்குப் போவேன்றாரு. நாங்க என்னன்னு நோட் போடறது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாராம். அப்படி ஒரு கடிதத்தை நான் எழுதியிருப்பேன் என்று எழிலரசி நம்பவில்லை. அதை வாங்கிப் படிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து, "என்னாங்க, ஏதோ லெட்டர்ன்றாங்க, ஆபீஸ்ல யாரோ மாத்தி வெச்சிட்டாங்க போல" என்றார். நான் ஆம் என்றேன். பிரிவு அலுவலர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் நானும் கையெழுத்திட மாட்டேன்.

13. புதன்கிழமை, அக்டோபர் 8 அன்று, ஐந்து மாதங்களுக்குப் பிறகு தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். உத்தரவு வராவிட்டாலும் வந்துவிடும்படி கேட்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுகிறேன்: "ண்ணா, வரமாட்டேன்னு நான் சொல்லல. போனவாட்டி கடுதாசி இல்லாம வந்தன், வேல இந்த நெலமைக்கு வந்துடுச்சி. இப்போ சஸ்பென்சன்ல இருக்கும்போது தாண்டனா ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு பொண்ணு வெச்சிருக்கன். கையெழுத்து போட்ட காகிதம் ஒண்ணு குடு, நடந்தே வரன். எழுதறதுல நீதான கெட்டிக்காரன். எழுதி வாங்கு." புகார் செய்தது நான் என்று எப்போது தெரிந்தது என்று கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றார். அந்தச் சான்றின் நகல் உலகத்தில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. பிறகு ஏன் விளக்கத்தில் என் பெயரை எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதனா உனக்காகப் போனன்னு வெளிய வரும். அப்புறம் புகார் குடுத்ததும் நீதான்னு வரும். வேணு கைல கெடச்சா விடுவானா? ஒடம்பு சரியில்லாத மனுசன், ஊர்ல தலைகாட்ட வாணாமா?" என்றார். பின்னணியில் வினோதினி, "மாமாவுக்குக் காய்ச்சல் கீதான்னு கேளுங்க" என்பது கேட்டது. இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

14. ஆகவே ஐயா, கீழ்க்கண்டவற்றைத் தங்கள் முன் வைக்கிறேன்.

பார்வை 3-இல் கண்ட 11.08.2025 நாளிட்ட கூடுதல் மனுவை நான் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். சாட்சிகளைக் கலைப்பார் என்று அதில் நான் எழுதியதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இருந்ததில்லை. அனுமதி வழங்கினால் நீதிமன்றம் செல்வேன் என்றதையும் விலக்கிக்கொள்கிறேன். இதற்கான உறுதிமொழியைத் தனித் தாளில் கையெழுத்திட்டு, இரு சாட்சிகளுடன் இணைத்துள்ளேன்.

பார்வை 1-இல் கண்ட புகாரைத் திரும்பப் பெறவில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டது தவறுதான். அதை இன்று எனக்கு வேண்டும் என்பதற்காகச் சரி என்று எழுதினால், நான் முன்பு எழுதியதைவிட அது கேவலமாக இருக்கும். ஆனால் அதில் நான் தாள் வைத்து மறைத்த வரியைச் சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும். அவர் அந்த ஏழு நாட்கள் எங்கே, யாருக்காக இருந்தார் என்பதற்கு முதல் சாட்சியாக என்னை விசாரிக்க வேண்டும். கூட்டத்தில் உட்கார எனக்கு மருத்துவர் அனுமதியில்லை. எனவே விசாரணை அலுவலர் குறிப்பிடும் நாளில், முகக்கவசத்துடன், வாசலுக்கு வெளியே நின்றாவது வாக்குமூலம் அளிப்பேன்.

16-ஆம் தேதி விசாரணையை வேறு எந்த நாளுக்காவது மாற்ற வேண்டும். மாற்றக் கேட்பவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர், புகார்தாரரே என்று கோப்பில் பதிவு செய்துகொள்ளலாம்.

உண்மையை மறைத்து மனு அளித்ததற்காக என் மீது எடுக்கும் நடவடிக்கையை எதிர்த்து வாதிட மாட்டேன். 16-ஆம் தேதி கழிந்த பின் எடுக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 15, 16 ஆகிய இரு நாட்களும் திரு. அர்ஜுனன் தலைமையிடத்தை விட்டுச் சென்னை சென்று வர எழுத்து மூலமான அனுமதி, நாளை செவ்வாய்க்கிழமை அலுவலகம் முடிவதற்குள் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் அவர் வர மாட்டார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான்.

15. இம்மனுவைத் தங்களிடம் கொண்டுவருபவர் என் மனைவி எழிலரசி. நான்காம் பத்தியில் உள்ளபடி நான் வரியை மறைத்ததையும், எட்டாம் பத்தியில் உள்ள கடிதம் என்னுடையதே என்பதையும் அவர் அறியார். உறையை ஒட்டி அனுப்பத்தான் முதலில் எண்ணினேன். பசையையும் எடுத்துவிட்டேன். பிறகு ஒட்டாமலே கொடுத்திருக்கிறேன். ஆட்டோவில் வரும்போது அவர் படித்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று மட்டும் தங்கள் அலுவலகத்தாரைத் தனிப்பட்ட முறையில் வேண்டுகிறேன். எத்தனை மணியானாலும் ஆணைக்காக அவர் வெளியே காத்திருப்பார். இன்று இயலாவிட்டால் நாளையும் வருவார். ஆணையின் நகல் எனக்குத் தேவையில்லை. அவரிடம் கொடுத்தால் அங்கிருந்து நேராகக் கீழ்பென்னாத்தூர் பேருந்தில் ஏறித் தம்பியின் கையில் சேர்த்துவிடுவார்.

அது சேர்ந்துவிட்டால், புதன்கிழமை காலை பத்து மணிக்கு என் தம்பி சென்னையில் இருப்பார். அவரைப் பற்றித் தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதியவற்றுள் ஆதாரம் எதையும் இணைக்காமல், நம்பி எழுதும் வரி இது ஒன்றுதான்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 13.10.2025, திங்கட்கிழமை

தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கும்,
ச. கோதண்டராமன்
(ஒப்பம்)